எந்தச் சரி

"அமல், குளிக்கலாமா?" என்று அம்மா கேட்டாள்.

"சரி," என்றது அவன் மணிக்கட்டுப் பட்டை.

அமலன் எழுந்து குளியலறைக்குப் போனான். அவ்வளவுதான். முன்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்கே காலை முழுவதும் போய்விடும். கதவு அடிபடும், வாளி உருளும், கீழ்வீட்டு ஆரோக்கியசாமி மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "என்னம்மா, எல்லாம் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று குரல் கொடுப்பார். "நல்லாருக்கோம் சார்," என்று அம்மா மூச்சு வாங்கச் சொல்வாள். இப்போது ஒரே ஒரு சொல். ஜெசிந்தா அந்தச் சொல்லைக் கேட்டபடியே சாப்பாட்டு டப்பாவை மூடினாள். அந்த நிம்மதிக்கு அவள் உடம்பு பழகிவிட்டிருந்தது. தூக்கம் திரும்பி வந்திருந்தது.

அமலனுக்கு இருபத்து மூன்று வயது. ஆட்டிசம். பேச்சு வராது. அவன் மணிக்கட்டில் இருந்த சாம்பல் நிறப் பட்டை நாடித்துடிப்பையும் வியர்வையையும் தசையின் இறுக்கத்தையும் படிக்கும். அவற்றை வைத்து அவன் சொல்ல வருவது இன்னதென்று கணித்துச் சொல்லும். வீட்டார் குரல்களைக் கலந்து செய்த குரல். கேட்பவர்கள் ஜெசிந்தாவின் தம்பி என்று உடனே சொல்லிவிடுவார்கள். முதல் மூன்று மாதம் பட்டை வாய் திறக்காது, கேட்டுக் கற்றுக்கொள்ளும். அவன் ஒருவிதமாக இருக்கும்போது, "பசிக்குதுங்கறான்," "வெளிய போகணுமாம்," "சரிங்கறான்," என்று அம்மா அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் அது தானாகப் பேசத் தொடங்கியது.

அந்தப் பட்டையை உருவாக்கிய ஆய்வு மையம் திருவெறும்பூரைத் தாண்டி இருந்தது. ஜெசிந்தா அதன் இரண்டு தலைமை ஆய்வாளர்களில் ஒருத்தி.

இன்னொருத்தி நப்பின்னை. ஆட்டிசம் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும் இரண்டு பேர் தலைமை வகிக்க வேண்டும், அதில் ஒருவர் ஆட்டிசம் உள்ளவராக இருக்க வேண்டும், ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் கையெழுத்து செல்லாது என்று விதி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பல இடங்களில் அந்த இரண்டாவது ஆளைத் திறப்பு விழாவுக்கு அழைத்து, குத்துவிளக்கு ஏற்றச் சொல்லி, போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நப்பின்னை அப்படிப் போகிற ஆள் இல்லை. முதல் நாளே, நீட்டிய மெழுகுவத்தியை வாங்காமல், "எனக்கு மெழுகு வாசம் ஆகாது. வேலை எங்க இருக்கு?" என்று கேட்டவள். புள்ளியியல் படித்தவள். முன்கோபி. டீ ஆறிப்போனால் அரை நாள் பேசமாட்டாள். ஜெசிந்தாவுக்கு அவளைப் பிடிக்கும், ஆனால் அவளோடு வேலை செய்வது சில நாட்களில் மலையேறுவது போல இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. பட்டையைத் தமிழ்நாடு முழுக்கக் கொடுப்பதற்கான அனுமதிக் கோப்பு திங்கட்கிழமை போக வேண்டும். இரண்டு கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நான் போடல," என்றாள் நப்பின்னை. அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன போடல?"

"கையெழுத்து."

ஜெசிந்தா பையை மேசையில் வைத்தாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் இது நீளும் என்று தோன்றியது.

"ஜெசிந்தா, சரின்னா என்ன?"

"சரின்னா சரிதான்."

"இல்ல. கணக்கு டீச்சர் பக்கத்துல டிக் அடிச்சுப் போடுற சரி ஒண்ணு. மனசோட ஒத்துக்கிற சரி ரெண்டாவது. 'சரி சரி, ஆளை விடு'ங்கிற சரி மூணாவது. நான் பொறந்ததுலேருந்து சொன்னதுல முக்காவாசி மூணாவது." அவள் திரையைத் திருப்பினாள். "நம்ம பட்டைக்கு இந்த மூணும் ஒண்ணுதான்."

திரையில் இரண்டு கோடுகள். பட்டை கட்டியிருந்த எல்லோருடைய சொற்களும் மாத வாரியாக. 'வேண்டாம்' இறங்கிக்கொண்டே வந்தது. 'சரி' ஏறிக்கொண்டே போனது.

"இது முன்னேற்றம்னு போன அறிக்கைல நாமளே எழுதியிருக்கோமே," என்றாள் ஜெசிந்தா.

"எழுதினோம். நானும்தான் எழுதினேன். இப்ப 'சரி'க்கு அடியில உடம்பு என்ன பண்ணுதுன்னு பாருங்க. தசை தளருது. அசைவு நிக்குது. நாடி இறங்குது. இதுக்கு நீங்க 'அமைதி'ன்னு பேரு வெச்சிருக்கீங்க. நான் இதுக்குள்ள இருந்திருக்கேன். சின்ன வயசுல விருந்தாளிங்க வந்து கட்டிப்பிடிச்சா முதல்ல திமிருவேன். விடமாட்டாங்க. அப்புறம் கை கால் எல்லாம் செத்துப்போன மாதிரி நிப்பேன். 'பாரு, என்ன சமத்து'ம்பாங்க." அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். "எதிர்ப்பு ஓஞ்சு போன நிமிஷத்துல வீட்டுல இருக்கிறவங்க எல்லாரும் பட்டைகிட்ட 'சரிங்கறான்'னு சொல்லிக் குடுத்திருக்காங்க. அது கத்துக்கிச்சு. பாவம், அது மேல தப்பில்ல."

ஜெசிந்தா உட்கார்ந்துவிட்டாள்.

"அது உங்களுக்கு அப்படி. எல்லாருக்கும் அப்படின்னு எப்படிச் சொல்றீங்க?"

"சொல்லல. அமலனுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது."

பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததை ஜெசிந்தா கேட்டாள். "நாலாவது மாசம் நான் வேலைக்குக் கிளம்பும்போது, 'அக்கா, இரு'ன்னு சொன்னான். அதுவரைக்கும் அவன் என்னை அக்கான்னு கூப்பிட்டதே இல்ல. நான் மாடிப்படியிலயே உக்காந்துட்டேன் அன்னிக்கு. அதுவும் பொய்யா?"

நப்பின்னை ஆறுதல் சொல்லத் தெரியாதவள். அந்த நாளின் பதிவைத் தேடி எடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்க செருப்பு மாட்டும்போது நாடி ஏறியிருக்கு. கதவைத் தொடும்போது இன்னும் ஏறியிருக்கு. இது நிஜம்," என்றாள். "'அக்கா, இரு'ங்கிற வார்த்தை உங்கம்மா சொல்லிக் குடுத்தது."

கதவைத் தட்டிவிட்டு இயக்குநர் வேதநாயகம் வந்தார். கையில் டீ. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தவர், அதற்குள் நல்லதாக ஒன்றைச் செய்துவிட்டுப் போக ஆசைப்பட்டவர்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு பி.பி. ஏத்தப் போறீங்கன்னு ரிசப்ஷன்லயே சொல்லிட்டாங்க. என்னம்மா பிரச்சினை?"

ஜெசிந்தா சொன்னாள். அவர் டீயைக் குடிக்காமல் கேட்டார்.

"நேத்து லால்குடிலேருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. பையன் பஸ்ல ஏறி கல்யாணத்துக்கு வந்தான் சார், பத்து வருஷத்துல முதல் தடவைன்னு அழுறாங்க. அவங்ககிட்ட நான் போய் என்னன்னு சொல்றது?"

"அந்தப் பையனுக்குக் கல்யாணம் புடிச்சுதான்னு கேட்டீங்களா டாக்டர்?" என்றாள் நப்பின்னை.

"பட்டை சரின்னுதானேம்மா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசுறீங்க, படிச்சிருக்கீங்க. அந்தப் பிள்ளைங்களால முடியாது. அவங்களுக்காக நீங்க எப்படி வேண்டாம்னு சொல்ல முடியும்?"

ஜெசிந்தா நப்பின்னைக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அதையேதான் நானும் சொல்றேன். அவங்களுக்காக நான் கையெழுத்துப் போட முடியாது. போட்டா அவங்க கைல நானும் இன்னொரு பட்டை. கூட்டாளின்னு என்னை உள்ள விட்டுட்டு, எல்லாரையும் உள்ள விட்டாச்சுன்னு நெனச்சுட்டோம்."

"அப்ப யாரைத்தான் கேக்குறது?"

"அவங்களை."

"எப்படிம்மா?"

"பூட்டை எடுங்க."

பட்டையில் ஒரு சிறு கொக்கி உண்டு. சாவி வீட்டாரிடம் இருக்கும். கட்டிய முதல் வாரத்தில் எல்லோருமே பிடுங்கி எறிந்தார்கள். விலையுயர்ந்த பொருள் என்பதாலும், தரவு அறுந்துபோகும் என்பதாலும் கொக்கி வந்தது. அந்த யோசனை ஜெசிந்தாவுடையது.

"கொக்கி போடலாம்னு முடிவு பண்ணின கூட்டத்துல நீங்களும் இருந்தீங்களே," என்றாள் ஜெசிந்தா. "சரின்னு சொன்னீங்க. குறிப்புல இருக்கு."

"சொன்னேன். மூணு தடவை வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம். ஏ.சி. சத்தம் தலைக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல பேசினீங்க. அப்பச் சொன்னேன்." நப்பின்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எந்தச் சரின்னு நீங்க யாரும் கேக்கல."

வேதநாயகம் டீயை மேசையில் வைத்தார். "பூட்டை எடுத்தா எல்லாரும் கழட்டிப் போட்டுட்டா என்ன பண்றது?"

"அப்ப பதில் வந்தாச்சுன்னு அர்த்தம் டாக்டர்."

எல்லோர் வீட்டிலும் செய்ய நேரமில்லை. ஒரு வீட்டில் செய்து பார்க்கலாம் என்று முடிவானது. எந்த வீடு என்று யாரும் சொல்லவில்லை. அமலனின் பட்டைச் சாவி ஜெசிந்தாவின் பையிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் கொக்கியைக் கழற்றினாள். அமலன் கையை நீட்டிக்கொண்டு அதையே பார்த்தான்.

"ஏன்டி, நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு? எதுக்கு இதையெல்லாம் நோண்டுற?" என்றாள் அம்மா.

"சும்மாம்மா. ஒரு நாளைக்கு."

"உங்க ஆபீஸ்ல அந்தப் பொண்ணு சொல்லிச்சா?"

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினோம்."

"சேர்ந்து," என்றாள் அம்மா. அரிசி களையப் போனாள்.

அமலன் எதுவும் செய்யவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து பல்லாங்குழிச் சோழிகளைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தான். பட்டை மணிக்கட்டில் இருந்தது. அம்மா கிரைண்டரை ஓட விட்டாள், உளுந்தை வழித்தாள், உப்புப் போட்டுக் கரைத்தாள். பட்டை அவன் கையிலேயே இருந்தது. ஜெசிந்தா ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அவளுக்குள் ஏதோ ஒன்று சற்றே தளர்ந்தது. அவனுக்கு வேண்டியிருக்கிறது. குரல் அவனுடையதுதான். மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது, கையெழுத்துப் போடுகிற பேனாவைக்கூட நினைத்துக்கொண்டாள். அம்மா, "பாத்தியா?" என்று புருவத்தைத் தூக்கினாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவள் கூடத்துக்கு வந்தபோது அவன் கையில் பட்டை இல்லை.

அமலன் பால்கனிக் கம்பியருகே நின்றிருந்தான். மணிக்கட்டைச் சுற்றி வெயில் படாத வெள்ளை வளையம். அதைக் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தான், மாடு கழுத்தை மரத்தில் தேய்ப்பது போல, மெதுவாக, கண்ணை மூடி.

"அமல், பட்டைய எங்கடா வெச்ச?" என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் சொல்வது எதுவோ அதையே தேடுகிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

தேடினார்கள். நாற்காலிக்கு அடியில், மெத்தைக்குக் கீழே, துணிக்கூடையில், கீழ்வீட்டு முற்றத்தில். அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. "ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பான். எல்லாம் உன்னாலதான். வெச்ச இடத்துல வெச்சிருந்தா..."

"சரி," என்றது ஒரு குரல்.

இருவரும் நின்றார்கள். அமலன் பால்கனியில்தான் இருந்தான். குரல் சமையலறையிலிருந்து வந்தது.

சமையலறையில் யாருமில்லை.

"சரி," என்றது மறுபடி, சற்றே அமுங்கி.

அம்மா மாவுச் சட்டியின் தட்டைத் தூக்கினாள். பொங்கத் தொடங்கியிருந்த இட்லி மாவின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு தெரிந்தது. ஒரு குமிழி வெடித்தது.

"சரி," என்றது மாவு.

"மாதாவே!" என்று அம்மா தட்டைக் கீழே போட்டாள்.

அமலனுக்கு மாவு பிடிக்கும். ஆட்டி வைத்த மாவுக்குள் கையை விட்டு அளைவான். அம்மா கையைத் தட்டிவிடுவாள். பட்டையைப் பிடிக்காமல் அதில் போட்டானா, தனக்குப் பிடித்த இடத்தில் பத்திரமாக வைத்தானா என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. ஈரம், உப்பு, லேசான சூடு, எப்போதாவது ஒரு துடிப்பு. பட்டை மாவைத் தோல் என்று நம்பிவிட்டது. அசையாத, எதையும் எதிர்க்காத ஓர் உடம்பு. அப்படிப்பட்ட உடம்புக்கு அதனிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

அவள் போனை எடுத்தாள். நப்பின்னைக்குப் போனில் பேசப் பிடிக்காது. எழுதினாள்: 'மாவு சரின்னு சொல்லுது.'

'எந்த மாவு?'

'இட்லி மாவு. கழட்டி அதுல போட்டுட்டான்.'

'உப்புப் போட்டதா?'

'ஆமா.'

பிறகு வந்தது: 'அப்ப அதுவும் ஒத்துக்கிச்சு. மூணாவது ஆய்வாளரா மாவையும் சேத்துக்கலாம்.' அடுத்து இன்னொன்று: 'சிரிச்சேன். இப்ப சிரிக்கல. பட்டை போனா உங்க வீட்டுக்கு மறுபடி கஷ்டம். எனக்குத் தெரியும். நீங்க கையெழுத்துப் போட்டாலும் உங்கமேல கோபப்பட மாட்டேன். செல்லாதுதான். ஆனா கோபப்பட மாட்டேன்.'

ஜெசிந்தா சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். காலை நேரங்களை நினைத்தாள். கதவு, வாளி, ஆரோக்கியசாமியின் குரல். கண்ணெரிச்சலோடு பேருந்தில் நின்றுகொண்டே தூங்கிய நாட்கள். பிறகு எழுதினாள்: 'நானும் போடல. பூட்டு இல்லாம, அவங்களையும் கூட உக்கார வெச்சு, முதல்லேருந்து தொடங்கலாம்.'

'எவ்வளவு காலம் ஆகும்னு தெரியாது.'

'தெரியும்.'

'சரி,' என்று வந்தது. உடனே அதன் கீழே: 'ரெண்டாவது சரி.'

அம்மா சிங்க் அருகே நின்று மாவுச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பூசை முடிந்து வந்து இட்லி ஊற்றலாம் என்றிருந்தாள்.

"அம்மா, திங்கக்கிழமை பட்டையத் திருப்பிக் குடுத்துடணும். எல்லாரும்தான்."

அம்மா திரும்பவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தோள்கள் இறங்கின. கை அப்படியே நின்றது.

"சரி," என்றாள்.

ஜெசிந்தா அந்த உடம்பை முன்பே பார்த்திருந்தாள். நேற்று, திரையில், ஒரு கோடாக. தசை தளருது. அசைவு நிக்குது. அப்பா இறந்த பிறகு அம்மா வேலையை விட வேண்டும் என்று பெரியப்பா சொன்னபோதும் அம்மா இப்படித்தான் நின்றாள். சரி என்றாள். எல்லோரும் பொறுமைசாலி என்றார்கள். பட்டைக்கு மூன்று மாதம் பேசக் கற்றுக்கொடுத்தவள் இவள்தான். தனக்குத் தெரிந்த சரியைத்தானே அவள் கற்றுக்கொடுத்திருக்க முடியும்.

"எந்தச் சரிம்மா?"

"என்னடி?"

"இப்பச் சொன்னியே. எந்தச் சரி?"

"சரின்னா சரிதான். போடி, போய் வேலையப் பாரு." அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். "அமல், கையெல்லாம் மாவா இருக்கு பாரு. குளிக்கலாமா?"

பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இத்தனை பெரிய இடைவெளி இருந்ததை மூவரும் மறந்திருந்தார்கள். அம்மா அவன் தோளைத் தொட்டுக் கூட்டிப்போனாள். குளியலறை வாசலில் அவன் நின்றான். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். தொண்டையிலிருந்து அந்தப் பழைய சத்தம் எழுந்தது. பிறகு காலால் ஓர் உதை. நிரம்பியிருந்த வாளி சாய்ந்து உருண்டு சுவரில் மோதியது. தண்ணீர் வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தது. நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு, சோழிகளை நகர்த்திக்கொண்டு.

அம்மாவின் புடவைக் கரை நனைந்தது. அவள் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்தாள்.

கீழே கதவு திறக்கும் சத்தம். மாடிப்படியில் செருப்பொலி. பாதியில் நின்றது.

"என்னம்மா, ரொம்ப நாளைக்கு அப்புறம் சத்தம் கேக்குது? எல்லாம் நல்லாத்தானே இருக்கீங்க?"

ஜெசிந்தா துடைப்பான் எடுக்கப் போனவள் நின்றாள். அம்மா வாயைத் திறந்தாள். வழக்கமான சொல் உதடுவரை வந்தது தெரிந்தது. அவள் மகளைப் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றாள். "முடியல."

பிறகு செருப்பு ஒரு படி மேலே ஏறியது. இன்னொரு படி.

அமலன் ஈரத் தரையில் காலால் மெதுவாகத் தட்டினான். தண்ணீர் சிதறியது. மறுபடி தட்டினான். ம்ம்ம் என்று ஒரு நீண்ட ஒலி எழுப்பினான். அதற்கு என்ன பொருள் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.